பெட்டரியை எது குடிக்கிறது

மழைக்காலத்தில் கரவனுக்கு ஆள் வராது. ஒக்டோபரில் நிறுத்தினால் பெப்ரவரி வரைக்கும் நின்ற இடத்தில் நிற்கும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

கரவன் என்பது ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப்போகிற சின்ன வீடு. உள்ளே கட்டில் உண்டு, காஸ் அடுப்பு உண்டு, பிரிட்ஜ் உண்டு. எல்லாவற்றுக்கும் உயிர் ஒரே ஒரு பெட்டரி. அது வண்டிக்கு வெளியே, ஜீப்பில் கொளுவுகிற இரும்புக்கு மேலே, ஒரு பெட்டிக்குள் இருக்கும்.

முதலாளி மாத்தளை டவுனில் மிளகு, கிராம்பு வாங்கி விற்பவர். மலை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று கரவனை வாங்கினார். அவருடைய மகன் ஜீப் ஓட்டுகிறான். மழை தொடங்கியதும் பல்லேகமவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற முதலாளியின் காணிக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். முன்பு நெல் போட்டு வைத்த ஸ்டோர். இப்போது கூரையும் தூண்களும்தான் மிச்சம். கரண்ட் கிடையாது.

நானும் மனைவியும் அதே காணியில், ஓயா என்கிற சிற்றாற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள வீட்டில் இருக்கிறோம். வீடும் முதலாளியுடையது. வேலை போனால் வீடும் போகும்.

முதல் வருடம் பெட்டரி செத்தது. பிரிட்ஜை நிறுத்தாமல் போயிருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாம் வருடமும் செத்தது. காஸ் ஒழுகினால் கத்துகிற ஒரு சின்னப் பெட்டி சுவரில் இருக்கிறது. அது இரவும் பகலும் பெட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்கிறது. அதையும் யாரும் சொல்லவில்லை. வெறுமையாய்க் கிடந்த பெட்டரிக்கு மறுபடி கரண்ட் ஏறாது. அது கல் மாதிரி. இரண்டு முறையும் புதிது வாங்கினார்கள். இரண்டு முறையும் முதலாளி பெட்டரியைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததுதான் அதிகம்.

மூன்றாம் வருடம் நிறுத்த வந்தபோது பெட்டரிப் பெட்டியில் சிவப்பாக ஒரு பெரிய சுவிட்ச் போட்டிருந்தார்கள். முதலாளி தன் கையாலேயே அதைத் திருப்பினார். அவர் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார்; எங்கள் ஆட்களில் அண்ணனுக்கு அப்படிச் சொல்வது.

"பாத்துக்குங்க நானா. இதத் திருப்புனா உள்ள ஒன்னுமே ஓடாது. காஸ் பெட்டி, பிரிட்ஜ், லைட்டு எல்லாம் கட்டு. இதுக்கு மேலயும் பெட்டரி எறங்குச்சுன்னா, கை வச்சது மனுசன்தான்."

"சரி மொதலாளி."

"கம்பியில நீங்க கை வைக்காதீங்க. மீட்டர மட்டும் வச்சுப் பாத்து வாராவாரம் எனக்குச் சொல்லுங்க."

மீட்டர் ஒன்றைத் தந்தார். ஊசிகளை எங்கே வைப்பது என்று மகன் காட்டிக் கொடுத்தான்.

"இந்த வாட்டியும் செத்துச்சுன்னா கரவன தம்புள்ளைக்கு இழுத்துக்கிட்டுப் போயிருவேன். அங்க லொறி நிப்பாட்டுற யார்டு இருக்கு, வாச்சர் இருக்கான். இங்க அப்புறம் யாரும் தேவப்படாது."

யாரும் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. மனைவி வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டது.

ஜீப் போன பிறகு கரவனுக்கு மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். சில்லுகளுக்குக் கல் வைத்தேன். அன்றைக்கு மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஏழு காட்டியது. நிறைந்த பெட்டரி அப்படித்தான் காட்டும் என்று மகன் சொல்லியிருந்தான்.

அடுத்த வாரம் பன்னிரண்டு புள்ளி ஆறு காட்டியது. மழைக் குளிருக்கு அப்படி இருக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரம் புள்ளி ஐந்து. பிறகு நான்கு.

எங்கள் பக்கம் போனுக்கு சிக்னல் இல்லை. மேட்டுக்கு ஏறி, ரோட்டு வளைவில் நின்றால்தான் கிடைக்கும். அங்கே நின்று குடையைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்வேன். ஒரு வாரம் முதலாளி திருப்பிக் கேட்டார்.

"எறங்குதே நானா."

"எறங்குது மொதலாளி."

"சுவிட்ச தொட்டீங்களா?"

"இல்ல."

"வீட்டுல டீவி ஓடுதா?"

"ஓடுது. கரண்ட்ல."

"கரண்ட் இல்லாதப்ப?"

"கரண்ட் இல்லாட்டி படுத்துத் தூங்குற."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

"நாம என்ன களவெடுத்த ஆக்களா? அவருட பெட்டரிய வெச்சு நாம என்னத்தப் பொரிக்கிற?"

"அப்படி அவர் செல்லல்ல."

"டீவி ஓடுதான்னு கேட்டா வேற என்ன அர்த்தம்? நீங்க ஏன் உள்ளத உள்ளபடி செல்லுற? ஒரு புள்ளி ரெண்டு புள்ளி கூட்டிச் செல்லுங்களே."

"பெப்ரவரியில அவரே மீட்டர் வெப்பார். அப்ப நான் எதக் கூட்டுற?"

அவள் சுளகை மறுபடி எடுத்தாள். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

யாரோ வருகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய் கரவனைச் சுற்றித் தூவினேன். பெட்டி மூடியில் ஒரு ஈர்க்கைச் செருகி வைத்தேன். மூடியைத் திறந்தால் ஈர்க்கு விழும். ஒரு வாரம் தினமும் விடியப் போய்ப் பார்த்தேன். சாம்பலில் ஒரு மரநாயின் கால்தடம். ஈர்க்கு வைத்தபடியே இருந்தது. மனுசன் வந்த தடம் இல்லை. மீட்டர் மட்டும் இன்னும் ஒரு புள்ளி இறங்கியிருந்தது.

அது எனக்குப் பயமாக இருந்தது. கள்ளன் என்றால் பிடிக்கலாம்.

பல்லேகமவில் வயர் வேலை செய்கிற ஒரு மேஸ்திரி, பாஸ் என்போம், இருக்கிறார். சிங்கள ஆள். சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"சுவிட்ச் கட்டா?" என்று கேட்டார்.

"கட்டு."

"அப்ப ஒண்ணு பெட்டரி கெழடு. இல்லாட்டி சுவிட்சுக்கு முன்னாலேயே ஏதோ குடிக்குது."

மீட்டரின் குமிழை வேறு பக்கம் திருப்பிக் காட்டினார். கறுப்புக் கம்பிக்கும் பெட்டரிக்கும் நடுவில் ஊசிகளை வைத்துக்கொண்டு கம்பியை மெல்லத் தூக்கச் சொன்னார். சைபர் காட்டினால் பெட்டரி கிழடு. வேறு எண் வந்தால் எங்கோ ஒரு வாய் திறந்திருக்கிறது.

"ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாட்டி கறுப்புக் கம்பியக் கழட்டிப் போட்டுரு நானா. கம்பி இல்லன்னா யாரும் குடிக்க ஏலாது."

கம்பியில் கை வைக்கக் கூடாது என்று முதலாளி சொன்னதை நான் பாஸிடம் சொல்லவில்லை.

மறுநாள் போய் அவர் சொன்னபடி செய்தேன். சைபர் வரவில்லை. சின்ன எண்தான். ஆனால் அசையாமல் நின்றது. கம்பியைப் பழையபடி வைத்துவிட்டுப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தேன். தடித்த சிவப்புக் கம்பி சுவிட்சுக்குப் போகிறது. அதற்குக் கீழே, பெட்டரியின் தலையிலிருந்தே, நூல் மாதிரி இன்னொரு சிவப்பு வயர் புறப்பட்டது. கறுப்புக் கம்பியின் முனையோடும் அப்படி ஒன்று. யாரோ நன்றாக மறைத்து டேப் சுற்றியிருந்தார்கள். இரண்டும் சுவிட்சைத் தொடாமல், இரும்போடு ஒட்டிப்போய், கரவனின் அடித்தட்டில் ஒரு ஓட்டைக்குள் நுழைந்தன.

உள்ளே போனேன். ஓட்டை கட்டிலுக்கு நேர்கீழே. அங்கே சாமான் வைக்கிற பெட்டி. அதன் பின்பலகை புதிது. பலகையின் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. வெளிச்சம்.

ஆணிகளைக் கழற்றினேன்.

உள்ளே ஒரு அம்மன் படம். சின்னது, கண்ணாடி போட்டது. முன்னால் சுடர் மாதிரி ஒரு மின்சார விளக்கு. நெற்றியில் குங்குமம். காய்ந்துபோன ஒரு மல்லிகைச் சரம். பக்கத்தில் மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து வைத்திருந்தது.

நான் முஸ்லிம். ஆனால் மாத்தளையில் பிறந்தவன். மஞ்சள் துணியில் காசு முடிந்தால் அது நேர்த்திக்கடன் என்று எனக்குத் தெரியும். பலகையைப் பழையபடி வைத்து ஆணிகளைப் போட்டேன்.  

கள்ளன் அகப்பட்டுவிட்டான். சொல்வதுதான் பாக்கி. மேட்டுக்கு ஏறினேன். முதலாளியின் கடை நம்பரைப் போடப் போனவன் நின்றேன். அந்த விளக்கை வைத்தது அவராக இருக்க முடியாது. அவர் வைத்திருந்தால் டீவியைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார். வீட்டு நம்பரைப் போட்டேன். அவருடைய மனைவி எடுத்தார்.

"அம்மா, நான் பல்லேகம நானா."

"சொல்லுங்க நானா. அவரு கடையில இருக்காரு."

"ஓங்களோடதான் பேசணும். கட்டிலுக்குக் கீழ ஒரு வெளக்கு எரியுது."

அந்தப் பக்கம் கதவு ஒன்று சாத்துகிற சத்தம் கேட்டது. 

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லிறாதீங்க நானா. ஒங்களக் கும்பிடுறேன்."

பிறகு அவரே சொன்னார். போன வெயில் காலத்தில் மகன் கரவனை இழுத்துக்கொண்டு இறங்கும்போது வளைவில் ஜீப் சறுக்கியது எனக்கும் தெரியும். பள்ளத்துக்குப் போகாமல் ஒரு மரத்தில் தட்டி நின்றது. மகனுக்குக் கால் முறிந்தது. அவ்வளவோடு போனது.

"அன்னைக்கே காசு முடிஞ்சேன். இவன் அந்த வண்டிய இழுக்குற வரைக்கும் அவ முன்னால வெளக்கு அணையக் கூடாதுன்னு. அவருகிட்ட கேட்டேன். ஒரே கத்து. கண்டவங்க படுத்து எந்திரிக்கிற எடம், குடிப்பாங்க, மாட்டெறச்சி திம்பாங்க, அங்க கொண்டு போயா அம்மன வைக்கிறதுன்னு. கோவிச்சுக்காதீங்க நானா."

"நான் கோவிக்கல்ல. பெறகு?"

"அவருக்குத் தெரியாம டவுன்ல ஒரு பாஸ புடிச்சு வச்சேன். யாரு சுவிட்ச அமுத்துனாலும் அணையாத மாதிரி போடுன்னு சொன்னேன். சின்ன லைட்டுதானே, ஒன்னும் இழுக்காதுன்னான்."

"சின்ன லைட்டுதான். நாலு மாசம் எரியணுமே."

அவர் அழுதார். நான் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அணைச்சிறாதீங்க நானா."

"பெட்டரி செத்தாலும் அணையும் அம்மா."

  பார்க்கிறேன் என்றேன். முதலாளிக்குச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று விளங்கியது. கம்பியைக் கழற்றினால் பெட்டரி தப்பும், நான் தப்புவேன், விளக்கு போகும். கழற்றாவிட்டால் பெட்டரி போகும், வீடு போகும், கடைசியில் விளக்கும் போகும். உண்மையைச் சொன்னால் என் பெயர் தப்பும். அதற்கு அந்த மனுசியைக் கொடுக்க வேண்டும்.

வயலுக்கு மருந்தடிக்கிற டேங்க் ஒன்று என்னிடம் இருக்கிறது. முதுகில் போடுவது. பெட்டரியில் ஓடும். அந்தப் பெட்டரி சின்னது, ஒரு செங்கல் அளவு. அதுவும் பன்னிரண்டுதான். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றினேன்.

"என்ன செய்யப் போறீங்க?" என்றாள் மனைவி. சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபம் வருமா சிரிப்பு வருமா என்று அவளுக்கே தெரியவில்லை போல.

"ஓங்களுக்கு மூள கெட்டுப் பெய்த்தா? நாம தொழுற ஆக்கள். நீங்க கோயில்ல வெளக்குப் போடுற ஐயரா?"

"நான் கும்பிடப் போகல்ல."

"பெறகு?"

"அவங்கட வெளக்கு. பெட்டரி எண்ட பொறுப்பு. ரெண்டுக்கும் நடுவுல நான் நிக்கிறன். அவ்வளவுதான்."

"மருந்து எதால அடிக்கிற?"

"பழைய கைப் பம்ப் ஈக்குதே."

"தோள் கழண்டு போகும்."

"போகட்டும்."

பிறகு அவள்தான் பொலித்தீன் பையைக் கொண்டுவந்து பெட்டரியைச் சுற்றித் தந்தாள். ஓயாவில் தண்ணீர் தொடைக்கு வந்திருந்தது. பெட்டரியைத் தலையில் வைத்துக்கொண்டு கடந்தேன். அது விழுந்தால் எல்லாம் முடிந்தது. காலில் அட்டை ஏறியது தெரிந்தும் குனியவில்லை.

மெல்லிய வயர் இரண்டையும் சின்ன பெட்டரிக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத்தான் பெரியதிலிருந்து எடுத்தேன். நடுவில் இருட்டு விழக்கூடாது. உள்ளே போய்ப் பலகையின் விளிம்பைப் பார்த்தேன். எரிந்தது. பிறகு பெரிய பெட்டரியின் கறுப்புக் கம்பியைக் கழற்றித் துணி சுற்றினேன். சோதிக்கத் தூக்கியதை விட்டால், முதலாளி சொன்னதை மீறிச் செய்த முதல் காரியம் அது.

இரண்டாவது, பெரிய பெட்டரியைத் த்ரீவீலில் ஏற்றி பாஸிடம் கொண்டுபோனது. அவர் ஒரு இரவும் பகலும் கரண்ட் ஏற்றித் தந்தார்.

"என்ன குடிச்சுது?" என்று கேட்டார்.

"வயர் ஒண்ணு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மேலே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் நடைதான். சின்ன பெட்டரி சில நாள்தான் தாங்கும். விளக்குச் சுடர் வெளிறினால் தெரியும். அன்றைக்கு விளக்கைப் பெரிய பெட்டரியில் போட்டுவிட்டு, சின்னதை வீட்டுக்குக் கொண்டுவந்து கரண்டில் வைப்பேன். விடிந்ததும் ஓயா கடந்து கொண்டுபோவேன். சில நாள் கரண்ட் இல்லை. சில நாள் ஓயா விடவில்லை. அப்படியான நாட்களில் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் முதல் நினைவே அந்தச் சுடர்தான். அதை யாரிடமும் சொல்ல முடியாது.

மீட்டரில் பன்னிரண்டு புள்ளி ஏழு. அதை முதலாளிக்குச் சொன்னேன். அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன்.

"எறங்குனது எப்புடி ஏறும்?"

"பாஸுக்கிட்ட கொண்டுபோய் ஏத்தின."

"யாரக் கேட்டுக் கழட்டுனீங்க?"

"கேட்டா வேணாம்னு செல்லுவீங்க."

"எறக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் ஏத்தவும் தெரியும்" என்றார். வைத்துவிட்டார்.

சொல்லாமல் வந்தார். மழை கொஞ்சம் வெளித்த ஒரு பகல். நான் கரவனுக்கு முன்னால் குந்தியிருந்து சின்ன பெட்டரியை மாட்டிக்கொண்டிருந்தேன். ரோட்டில் வான் நின்ற சத்தம் கேட்டது. எழுந்து திரும்புவதற்குள் அவர் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். காற்சட்டை முழங்கால் வரைக்கும் சேறு.

"இது யாரு பெட்டரி?"

"எண்ட. மருந்து டேங்க்குட."

"என் கரவன்ல என்னா செய்யுது?"

நான் பெட்டி மூடியைச் சாத்தப் போனேன்.

"சார்ஜ் ஏத்துறீங்களா? ஒங்க வயலுக்கு மருந்தடிக்க என் பெட்டரியா?"

"இல்ல மொதலாளி."

"கண்ணால பாத்துக்கிட்டு நிக்கிறேன், இல்லங்கிறீங்க."

"பெரிசப் பாருங்க. கம்பி கழட்டி ஈக்குது. அதுல இருந்து ஒண்ணும் வர ஏலாது."

மீட்டரை வாங்கி வைத்துப் பார்த்தார். நிறைந்திருந்தது. மறுபடி வைத்தார். அதுவும் அதையே சொன்னது. முகம் மாறவில்லை.

"நான் வர்றது தெரிஞ்சு நெரப்பி வச்சிருக்கீங்க."

 மீட்டர் பெட்டரியைத்தான் காட்டும். மனுசனைக் காட்டாது.

அவர் மெல்லிய வயரைக் கையில் பிடித்தார். பிடித்தபடி குனிந்து அது போகிற ஓட்டையைப் பார்த்தார். பிறகு நான் பூட்டாமல் விட்டிருந்த கதவைத் திறந்து உள்ளே ஏறினார். நான் பின்னாலேயே ஏறினேன். கட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன். ஏன் அப்படி நின்றேன் என்று யோசித்துச் செய்யவில்லை.

"தள்ளுங்க நானா."

"வேணாம் மொதலாளி."

"என்னா மறைச்சு வச்சிருக்கீங்க?"

"எண்ட சாமான் ஒண்ணும் இல்ல."

"அப்ப தள்ளுங்க."

"நான் செல்லுறதுக்கில்ல. வீட்டுல போய்க் கேளுங்க."

"என் வண்டியில என்ன இருக்குன்னு நான் வீட்டுல போய்க் கேக்கணுமா? தள்ளுங்க, இல்லன்னா சாவியக் குடுங்க. இன்னையோட சரி."

கரவன் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கை நீட்டியபடியே நின்றார். நான் இறங்கி வெளியே வந்தேன்.

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓயாவுக்கு அந்தப் பக்கம் வீட்டுப் புகை தெரிந்தது. மனைவி சோறு சமைக்கிறாள். அவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். எங்கே போவது என்றும் யோசித்தேன். மாத்தளைப் பக்கம் என் கூடப்பிறந்த ராத்தாவின் வீடு இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு இடம் தருவாள்.

உள்ளே பலகை பெயர்கிற சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. நெடுநேரம் அப்படியே இருந்தது.

அவர் இறங்கி வந்தபோது சப்பாத்து காலில் இல்லை. கையில் இருந்தது. சேற்றில் வெறுங்காலோடு நின்றார்.

"நீங்களா வச்சீங்க?"

"நான் வெச்சா எண்ட பொண்டாட்டி என்ன வெளிய போட்டுருவா மொதலாளி."

உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு வரவில்லை.

"அவளா?"

நான் ஓயாவைப் பார்த்தேன்.

"பாத்த அன்னைக்கே கழட்டிப் போட்டிருக்கலாமே. ஏன் கழட்டல?"

"எண்டது இல்லையே."

"எவ்வளவு நாளா இப்புடி மாத்துறீங்க?"

"மழ கூடின நாள்ல இருந்து."

 சப்பாத்தை மாட்டாமலே ரோட்டுக்கு ஏறினார். சாவி அவரோடு போனது.

அந்த வாரம் முதலாளியிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. நானும் மேட்டுக்கு ஏறிப் போன் போடவில்லை. எந்த எண்ணைச் சொல்லப் போடுவது? மனைவி பாத்திரங்களை ஒரு சாக்கில் போட்டு வைத்தாள். நான் பார்க்காத நேரத்தில் செய்தாள். நான் பார்த்ததை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

விளக்கின் வயர் வெளியே, பெட்டரிப் பெட்டிக்குள்தான் வருகிறது. அதற்குச் சாவி தேவையில்லை. ஆனால் வேலையை விட்டு நிறுத்திய ஆள் ஒருவன் அடுத்தவன் வண்டிக்குப் பக்கத்தில் பெட்டரியோடு நின்றால் அவனுக்குப் பெயர் என்ன? ரோட்டில் போகிற யாரும் பார்க்கலாம். மனைவி கேட்டாள்.

"இன்னும் என்னத்துக்குப் போறீங்க? அவருக்குத் தெரிஞ்சிட்டு. இனி அவர் பாத்துக்கொள்ளட்டும்."

"அவர் எங்க பாக்குற? டவுன்ல ஈக்கிறார்."

"ஓங்கள கள்ளன்னு புடிச்சா?"

"ஏற்கனவே புடிச்சாச்சே" என்றேன்.

போனேன். இரண்டு முறை போனேன். உள்ளே சுடர் எரிகிறதா என்று பார்க்க வழியில்லை. பலகையை அவர் எப்படி வைத்துவிட்டுப் போனார் என்றும் தெரியாது. வயரின் முனையில் மீட்டரை வைத்துப் பார்க்க, அந்தச் சின்ன எண் வந்தது. குடிக்கிறது. அதுவே போதும் என்று திரும்பினேன்.

மூன்றாம் முறை போகும்போது கரவனுக்குப் பக்கத்தில் ஜீப் நின்றது. பெட்டரி தோளில். ஒளிக்க இடமில்லை. நடந்தேன்.

மகன் தூணில் சாய்ந்து நின்றான். கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை. கரவன் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து சாம்பிராணி மணத்தது. முதலாளியின் மனைவி வாசலுக்கு வந்தார். என் தோளில் இருந்ததைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எரியுதா அம்மா?" என்று கேட்டேன்.

"எரியுது நானா."

நான் பெட்டரியைக் கீழே இறக்கினேன்.

"அவரு வரல. காலையில சாவிய எடுத்து மேசையில வச்சாரு. பூவும் வாங்கி வச்சிருந்தாரு. போயிட்டு வான்னாரு. அவ்வளவுதான்."

"வெளக்க எடுக்கச் சொன்னாரா?"

"அத அணைக்க அவருக்கும் கை வராது நானா. ஒரு தரம் பாத்துட்டாரே." ஜீப்பைக் காட்டிச் சொன்னார்: "அதுக்குன்னு தனியா ஒரு பெட்டரி குடுத்துவுட்டிருக்காரு. ஜீப்புல இருக்கு. அணையாம பாத்துக்கணுமாம்."

"யாரு பாக்குற?"

அவர் சாவியை என் கைக்கு மேலே பிடித்துப் போட்டார்.

மகன் ஜீப்பின் பின்கதவைத் திறந்தான். "நானா, அப்பா இன்னொன்னும் சொன்னாரு. பெப்ரவரியில ஆளுங்க வர்றாங்களாம். சில்லு காத்து எறங்கிக் கெடக்காம், ஏத்தி வைக்கச் சொன்னாரு."

குனிந்து பார்த்தேன். இடது சில்லு இறங்கித்தான் இருந்தது. பெட்டரியைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் நான் அதைக் கவனிக்கவில்லை.

"காத்தடிக்கிற பம்ப் வீட்டுல ஈக்குது. எடுத்திட்டு வாறன்" என்றேன்.